எட்டு உடுப்பும் அப்பாவின் பெயரும்

1

இந்த வருடம் அப்பாவின் திதியும், மகளின் வலைப்பந்தாட்ட உடுப்புக்குக் காசு கட்டவேண்டிய கடைசி நாளும் ஒரே கிழமையில் வந்து விழுந்தன. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பொறுங்கள், சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒக்லாந்தின் தெற்கே, மனுரேவாவில். கணவர் ரவிக்கு மின்சார வேலை. நான் பக்கத்தில் ஒரு குளிர்க்களஞ்சியத்தின் அலுவலகத்தில் இருந்து, யார் எந்த நேரம் வேலைக்கு வரவேண்டும் என்று அட்டவணை போட்டு, அதற்காக எல்லாரிடமும் திட்டு வாங்குகிறவள். மகள் ஆரணிக்குப் பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பாத்திரம் கழுவச் சொன்னால் மட்டும் அவளுக்கு இரண்டு மொழியும் விளங்காது.

அப்பா ஊரில் கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தவர். நடராசா மனேச்சர் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். கொரோனாவுக்குப் பயந்து நியூசிலாந்து எல்லையைப் பூட்டி வைத்திருந்த அந்தப் பொல்லாத காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். போனால் திரும்பி வர இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. கைபேசியில்தான் பார்த்தேன். சுடலைக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரில் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அதனால் திதிக்கு ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் காசு அனுப்பி மத்தியானச் சாப்பாடு கொடுப்பேன். அவர்கள் கரும்பலகையில் 'இன்றைய மதிய உணவு: அமரர் கந்தையா நடராசா ஞாபகார்த்தம்' என்று எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படம் வந்தால்தான் எனக்குத் திதி முடிந்த மாதிரி. சோறு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டதே இல்லை. பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பெருப்பித்துப் பார்ப்பேன்.

2

இங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் இல்லை. நம்முடைய மகளிர் கல்லூரி, இந்துக் கல்லூரி மாதிரி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம்தான். ஆரணியின் கல்லூரியில் ஆண், பெண் இரண்டும் படிக்கிறது. அவள் பத்தாம் ஆண்டு வலைப்பந்தாட்ட பி அணி. பி என்றால் தோற்கிற அணி என்று அவளே சொல்வாள்.

தோற்றால் எனக்கென்ன? பயிற்சி முடிந்து காருக்குள் ஏறி வீடு வரும்வரை அந்தப் பிள்ளை வாய் மூடாது. யார் பந்தை விட்டாள், நடுவர் எங்கே பிழை விட்டார், அவளுடைய சிநேகிதி லோசே எப்படிப் பாய்ந்து பிடித்தாள் என்று ஒரே கதை. வீட்டுக்குள் கால் வைத்ததும் அறைக் கதவு சாத்திவிடும். நானும் ஒருகாலத்தில் பள்ளிக்கூட அணியில் கோல் காப்பாளராக விளையாடியவள் என்பதால், அந்தக் காருக்குள் மட்டும் எனக்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. அந்த நேரத்துக்காகத்தான் நான் கிழமை முழுக்க வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

வருடத் தொடக்கத்தில் பெற்றோரை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு விளையாட்டு உடுப்புக் கம்பனி எங்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதாம். முதலாம் ரக்பி அணிப் பையன்கள் புத்தம்புது உடுப்பும், முதுகில் பையுமாக வரிசையாக மேடைக்கு வந்தார்கள். ஒவ்வொருவனும் தேர்ச் சில்லு மாதிரி. நெஞ்சில் கல்லூரிச் சின்னம், அதற்குச் சரிசமமாகக் கம்பனியின் சின்னம். அவர்களுக்குத் தலை முதல் கால் வரை எல்லாம் இலவசம் என்றார்கள். நான்தான் முதல் ஆளாகக் கை தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்றால், என் மண்டையில் இருந்தது ஊர்ப் பழக்கம். கோயிலில் ஒருவர் ரியூப் லைட் வாங்கிக் கொடுப்பார், அதில் தன் பெயரை 'உபயம்' என்று எழுதுவார். வெளிச்சம் பாதிதான் வரும், ஆனாலும் காசு அவருடையது. பெயர் போட்டவன் காசு கொடுத்தவன். இதில் என்ன யோசிக்க இருக்கிறது?

விளையாட்டுப் பொறுப்பாளர் ட்ரிஷ் எழுந்து மிச்சத்தையும் சொன்னார். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ரக்பிப் பையன்களின் ஆட்டத்தை இணையத்தில் ஊரே பார்க்கும், ஆகவே கம்பனிக்கு விளம்பரம். அதற்குப் பதிலாகக் கல்லூரியின் மற்ற எல்லாப் பிள்ளைகளும் உடற்பயிற்சி உடுப்பும் அணி உடுப்பும் அந்தக் கம்பனியின் இணையக் கடையில்தான் வாங்கவேண்டும். வேறு இடத்தில் செய்த உடுப்புப் போட்டுக்கொண்டு எந்த அணியும் கல்லூரி பெயரில் இறங்க முடியாது. விற்பனையில் ஒரு பங்கு கல்லூரியின் விளையாட்டு நிதிக்கு வரும்.

நான் ரவியின் காதில், "அப்ப நாங்கள் குடுக்கிற காசில கொஞ்சத்தை எங்களுக்கே திருப்பித் தந்து, அதுக்கு நாங்கள் கையும் தட்டவேணுமோ?" என்றேன்.

"மெல்லமாக் கதையும். நீர்தான் முதல் தட்டினனீர்" என்றார் அவர்.

3

இணையக் கடையின் விலையைப் பார்த்தபோது எனக்குத் தலை விறைத்தது. ஒரு போட்டி உடுப்பும், குளிருக்குத் தொப்பி வைத்த ஒரு ஹூடியும். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்கு மேல் சாமான் வாங்கலாம். போன வருட உடுப்பு நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பழைய கம்பனியின் சின்னம். நாங்கள் முக்கி முனகிக் கட்டிவிட முடியும். எல்லாராலும் முடியுமா?

அணியில் எட்டுப் பிள்ளைகள். களத்தில் நிற்க ஏழு பேர் வேண்டும். ஏழு பெயர் இல்லாத அணியைப் பதிவதில்லை என்பது கல்லூரியின் விதி. எட்டில் லோசேயும் அவளுடைய மச்சாளும் ஒரே வீடு. தொங்கா நாட்டுக் குடும்பம். தாய் மெலே வயோதிபர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறா. ஒரு வீட்டுக்கு இரண்டு உடுப்பு, இரண்டு ஹூடி.

பயிற்சி முடிந்த ஒருநாள், கார் நிறுத்துமிடத்தில் மெலே என்னிடம் வந்தா. இந்த வருடம் சனிக்கிழமைகளில் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி இருக்கிறதாம். பிள்ளைகள் இரண்டு பேராலும் விளையாட வர முடியாதாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கார்க் கண்ணாடியைப் பார்த்தா. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். வந்த புதிதில், ஆரணியின் வகுப்புச் சுற்றுலாவுக்குக் காசு கட்ட முடியாமல், 'வீட்டில் விருந்தினர்' என்று நானும் ஆசிரியரின் காதணியைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

காருக்குள் அன்று சத்தமே இல்லை. பாதி வழியில்தான் ஆரணி வாய் திறந்தாள். "அம்மா, பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர்களால் வாங்க முடியாது" என்றாள் ஆங்கிலத்தில்.

"அப்ப நாங்கள் வாங்கிக் குடுப்பம்."

"ஐயோ அம்மா, நோ! லோசே செத்துப்போவாள். அவளுக்காகக் காசு சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவள் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டாள். நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், ப்ளீஸ்."

இரண்டு பேர் போனால் ஆறு. ஆறு என்றால் அணி இல்லை. அணி இல்லை என்றால் இந்தக் கார்க் கதையும் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கண்ணைத் துடைப்பதை நான் பார்க்கக் கூடாதாம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பனியை நல்ல யாழ்ப்பாணத் தமிழில் திட்டினேன். அவளுக்கு அதில் சில சொற்கள் விளங்கியிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள்.

4

இனித்தான் திதிக் கதை வருகிறது.

ஊரில் பாதை திறந்து, வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிய சமாதான காலத்தில், எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணிக்கு முதல்முதலாக நல்ல விளையாட்டுப் பெனியன் வந்தது. இலண்டனில் இருந்த பழைய மாணவி ஒருவர் அனுப்பியது. முதுகில் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை 'அமரர் செல்லையா (ஓய்வுபெற்ற தபாலதிபர்) ஞாபகார்த்தமாக' என்று அச்சடித்திருந்தது. ஏழு பேரின் முதுகிலும் அதே மனுசன். எதிரணிப் பெட்டைகள் எங்களை "ஏய் செல்லையா, பந்தை விடு!" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். செல்லையா பாய்ந்தார், செல்லையா விழுந்தார், செல்லையாவுக்கு முழங்கால் உரசிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அப்பா மட்டும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "உதில என்ன வெட்கம் பிள்ளை? அந்தாள் இருக்கேக்க சைக்கிள் மிதிக்கவே பஞ்சிப்பட்ட மனுசன். இப்ப பார், என்ன ஓட்டம் ஓடுறார்! படத்துக்குள்ள மாலையோட தொங்கிறதிலும் பார்க்க இது திறம். நான் செத்தாலும் என்ர பேரை இப்பிடி ஓட விடு."

விளையாட்டாகச் சொன்னதுதான். அன்று ஆரணியின் கண்ணீரைப் பார்த்த பிறகு, தேசிக்காய் பிழிந்துகொண்டு நிற்கும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. நம்மிடம் 'ஞாபகார்த்தம்' என்று கொடுத்தால் வாங்குகிறவருக்கு ஒரு குறைவும் இல்லை. திதிச் சோறு சாப்பிடுகிறவர் ஏழை என்பதால் சாப்பிடுவதில்லை. அவர் வந்து சாப்பிட்டு, செத்தவருக்காக நமக்கு ஓர் உதவி செய்துவிட்டுப் போகிறார். நாம்தான் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியென்றால் லோசேக்கு உடுப்பை நான் தரவில்லை. அப்பா தருகிறார். போட்டுக்கொண்டு ஓடினால் அவள்தான் எனக்கு உபகாரம் செய்கிறாள். இந்த வருடத் திதிக் காசு இங்கேயே நிற்கட்டும் என்று தேசிக்காய்க் கையோடேயே முடிவெடுத்துவிட்டேன்.

5

ஒடாஹுஹுவில் ராஜு என்று ஒருவர் உடுப்பில் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறார். ஃபிஜித் தமிழர். பாட்டன் பூட்டன் எல்லாம் கரும்பு வெட்டப் போனவர்கள். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வணக்கம் அம்மா' என்பதும் சில சாமிப் பெயர்களும்தான். எழுத்தைக் கொடுத்தபோது, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அழகாகச் சுருள்கிறது. என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"செத்துப்போன என் அப்பாவின் பெயர். எட்டு நீலப் பெனியனின் முதுகில் வேண்டும்."

யாராவது இதைக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ராஜு நிமிரக்கூட இல்லை. "படம் போடவில்லையா?" என்றார். அவருடைய சுவரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. தொங்கா, சமோவாக் குடும்பங்களில் யாரும் இறந்துவிட்டால் வீட்டார் எல்லாரும் அவருடைய முகம் அச்சடித்த பெனியன் போடுவார்களாம். சுவர் முழுக்கச் சிரிக்கிற மாமாக்களும் மாமிகளும். அந்தக் கடைக்குள் நின்று நான் கொஞ்சம் அழுதேன். அவர் துடைக்கத் துணி ஒன்றை நீட்டினார், அதிலும் மை.

மெலேயின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். அப்பாவின் திதி, எங்கள் வழக்கம், பிள்ளைகள் எட்டுப் பேரும் இதைப் போட்டால் எனக்குப் பெரிய உதவி, மறுக்கக் கூடாது என்றேன். மெலே பெனியனின் முதுகை விரித்து, எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தா.

"எப்படிப்பட்ட மனிதர்?" என்று கேட்டா.

இந்த நாட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூட்டுறவுக் கடை, சைக்கிள், வெற்றிலை, அவருடைய சிரிப்பு எல்லாம் சொன்னேன். மெலே தன் தகப்பனைப் பற்றிச் சொன்னா. எழும்பும்போது, "சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சியை அவர்கள் வேறு நாளுக்கு மாற்றிவிடுவார்கள்" என்றா, மிகவும் மரியாதையாக. நானும் மிகவும் மரியாதையாக, "நல்லது" என்றேன்.

6

நான் செய்த மடைத்தனம் என்னவென்றால், மண்டபத்தில் சொன்ன விதி கம்பனிகளுக்குத்தான், செத்தவர்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவையும் கல்லூரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது. ஊரில் யார் கேட்பார்கள்? பெனியன் வந்தால் அதிபர் ஒரு கூட்டம் வைத்து, மாலை போட்டு வாங்கிக்கொள்வார்.

அடுத்த பயிற்சிக்கு எட்டுப் பேரும் நீலப் பெனியனோடு இறங்கினார்கள். ட்ரிஷ் வந்து ஒரு சுற்று நடந்து பார்த்தார். முகம் சிரிக்கலாமா வேண்டாமா என்று தடுமாறியது.

"சாந்தி, இது என்ன பெயர்? ஏதாவது நிறுவனமா?"

"இல்லை மிஸ், என் அப்பா" என்றேன். இங்கே எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், எனக்கு அந்த 'மிஸ்' போகாது.

"ஓ! அவர் இங்கே வந்திருக்கிறாரா?"

"ஹீ எக்ஸ்பயர்ட்."

ஆரணி தலையில் கை வைத்தாள். "அம்மா, பால்தான் எக்ஸ்பயர் ஆகும்!"

ட்ரிஷ் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் போட்டுத் தந்தார். கெட்ட செய்திக்கு முன்னால் தேநீர் தருவது இவர்களின் வழக்கம். போட்டியில் இதைப் போட முடியாது, பயிற்சியிலும் முடியாது. கம்பனியோடு அப்படித்தான் ஒப்பந்தம். வெளியில் ஒரு பெயர் தெரிந்தால் அதுவும் வேறொரு சின்னம் மாதிரித்தான். நான் கொதித்துப்போனேன்.

"மிஸ், அவர்கள் பெயரைப் போட நாங்கள் காசு கட்டவேண்டும். காசு கட்டிய என் அப்பா பெயரைப் போடக் கூடாது. இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லைத்தான்" என்றார் அவர். மறுத்துச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "ஆனால் அந்தக் காசில்தான் பிள்ளைகளை ஏற்றுகிற வான் ஓடுகிறது. மைதான வாடகை போகிறது. அது நின்றால் முதலில் நிற்பது ரக்பி இல்லை சாந்தி, உன் மகளின் பி அணிதான். எனக்கும் இது பிடித்த ஒழுங்கு இல்லை."

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். உடுப்பைப் பிள்ளைகள் சொந்தமாக வாங்கவேண்டும் என்று எங்கும் இல்லை. யாராவது எட்டு உடுப்பும் எட்டு ஹூடியும் கம்பனியிடமே வாங்கிக் கல்லூரிக்குத் தந்தால், அது கல்லூரியின் இரவல் உடுப்பு. பிள்ளைகள் பருவம் முடியத் தோய்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் ஆகும். யார் தந்தது என்று வெளியில் பெயர் மட்டும் வராது.

பெயர் மட்டும் வராது! அந்த விலையில் எட்டு உடுப்பா? திதிக் காசு எந்த மூலைக்கு? ஊருக்குப் போக என்று ஒதுக்கி வைத்திருந்ததிலும் கை வைக்கவேண்டும். அதைக்கூடப் பொறுக்கலாம். அப்பாவின் பெயர் இல்லாமல், அந்தக் கம்பனியின் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு போகிற உடுப்புக்கா?

வீட்டுக்கு வந்து சட்டி பானையை எல்லாம் தேவையில்லாமல் மினுக்கினேன். ரவி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாரும், நான் ஒண்டு கேட்பன், கோவிக்கக் கூடாது. மாமாவின்ர பேர் ஓடவேணுமோ, பிள்ளையள் ஓடவேணுமோ?"

"ரெண்டும் ஓடவேணும்!"

"ஒண்டுதான் ஓடுமெண்டா?"

கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். உங்கள் அப்பா என்றால் இப்படிக் கேட்பீர்களா, நீங்கள் போய்க் கொள்ளி வைத்தீர்கள், நான் கைபேசியில் பார்த்தேன் என்று எல்லாம் கொட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, எழும்பிப் போய் என் தோளில் கிடந்த ஈரத் துணியை எடுத்து, மிச்சச் சட்டியைத் துடைக்கத் தொடங்கினார். மறுமொழி சொல்லாத மனுசனோடு எவ்வளவு நேரம் சண்டை பிடிக்கலாம்? அடுத்த நாள் ட்ரிஷுக்குச் சம்மதம் சொன்னேன். சொல்லிவிட்டு வேலையிடத்தில் கழிவறைக்குள் போய் நன்றாக அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை.

இந்த வருடம் கரும்பலகையும் இல்லை, படமும் இல்லை. மரக்கறிச் சமையல் வைத்து, அப்பாவின் படத்துக்குப் படைத்து, காகத்துக்கு வைத்தேன். இங்கே காகம் இல்லை, சாம்பல் நிற முதுகுள்ள கடற்புறா ஒன்று வந்து பருப்பை மட்டும் தின்றுவிட்டுப் போனது.

7

உடுப்பு வந்தது. நல்ல உடுப்புத்தான், அதைக் குறை சொல்ல முடியாது. இரவல் உடுப்புக் காணாமல் போகாமல் கழுத்துப் பட்டியில் உள்ள வெள்ளைத் துண்டில் பெயர் எழுதவேண்டும் என்று ட்ரிஷ் சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த வருடம் வேறு பிள்ளை போடப்போகிற உடுப்பில் யாருடைய பெயரை எழுதுவது என்று நான் முணுமுணுத்தேன். ஆரணி தோய்த்தாலும் போகாத மைப் பேனையை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு, எட்டு உடுப்பையும் எட்டு ஹூடியையும் அள்ளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வேலையைக் கேட்காமல் செய்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த நீலப் பெனியன்களும் வீணாகவில்லை. முதல் ஆட்டத்துக்குப் போனபோது மெலே கோட்டுக்கு வெளியே நின்றா, மேலே இறுக்கிப் போட்ட நீலப் பெனியன், முதுகு முழுக்க என் அப்பா. "ஒப்பந்தம் பிள்ளைகளுக்குத்தானே, எனக்கு இல்லையே!" என்றா. எனக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடுத்த சனி, மெலே சொல்லி ராஜு பெரிய அளவில் இன்னும் சில அடித்துத் தந்தார். மற்றத் தாய்மாரும், ரவியும்கூட அதைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ட்ரிஷ் வந்து பார்த்தார். வானத்தைப் பார்த்து மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ட்ரிஷைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்பனி ஆட்களோடு அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கூட்டத்தில், ரக்பிக்குக் கொடுக்கிற இலவசத்தோடு கீழ் அணிகளுக்கும் இரவல் உடுப்புத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் யோசித்துவிட்டுச் சரி என்றார்களாம். எல்லா அணிக்கும் இல்லை, சிலவற்றுக்கு. "இவ்வளவு நாளும் ஏன் தரவில்லை?" என்று நான் கேட்டேன். "யாரும் கேட்கவில்லை சாந்தி" என்றார். கம்பனி ஒன்றும் தர்மம் செய்யவில்லை, அடுத்த வருடம் விலையில் எங்கேயோ ஏற்றிவிடுவார்கள் என்று ரவி சொல்கிறார். இருக்கட்டும். வேறொரு வீட்டில் ஒரு தாய் கார்க் கண்ணாடியைப் பார்த்துப் பொய் சொல்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.

அணி வழமைபோலத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் எட்டுப் பேராகத் தோற்றது. கார்க் கதை நிற்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை, ஆட்டம் முடிந்த கையோடு ஒக்லாந்து மழை கொட்டத் தொடங்கியது. இருபது முப்பது மைதானங்களில் இருந்தும் பிள்ளைகள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கூரைக்குள் ஓடினார்கள். நாங்களும் ஒதுங்கி நின்றோம். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு ஹூடி தவறவிட்டுக் கிடக்கிறதாம், பெயர் எழுதியிருக்கிறதாம். அறிவிப்புக்காரப் பெண் ஒருமுறை தடுக்கி, எழுத்துக் கூட்டி, பிறகு வாசித்தா.

"நா... டா... ராஜா. நாடராஜா. இங்கே நாடராஜா யார்?"

இந்த ஊரில் வேறு நடராசா யார் என்று நான் சுற்றிப் பார்க்கும்போது, என் பக்கத்தில் நின்ற எட்டுப் பெட்டைகளும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். தூக்கிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக் கெக்கட்டம் போட்டுச் சிரித்தார்கள்.

நான் பக்கத்தில் நின்றவளின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு மையில், ஆங்கில எழுத்தில், கே. நடராஜா. அடுத்தவள், அதே கே. நடராஜா. ஆரணியைப் பார்த்தேன். அவள் ஏதோ பிழை செய்து பிடிபட்டவள்போல நின்றாள்.

"ஆரின்ர உடுப்போ அவரின்ர பேர் எழுதச் சொன்னவை" என்றாள். தமிழில் சொன்னாள். "இது அம்மப்பான்ர உடுப்புத்தானே அம்மா?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ஒலிபெருக்கி திரும்பவும் கேட்டது. "நாடராஜா? இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்!" என்று கத்தினாள் லோசே. அவளுடைய ஹூடிதான். மெலே பிடிக்கப் போக முந்தியே கூரையை விட்டுப் பாய்ந்துவிட்டாள். சைக்கிளில் கூட்டுறவுக் கடைக்குப் போய்வந்த என் அப்பாவின் பெயர், மழைக்குள் அந்த மைதானம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் கடந்துபோய், தன் ஹூடியை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தது.